கலத்தின் வயிற்றில் என்ன இருக்கிறது

ராணுவத்தின் அந்த ரகசிய விண்கலம் எதற்காகப் பறக்கிறது என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அதற்குப் போர்வை தைக்கிற எனக்குத்தான் தெரியாது.

அவர் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. வாசலில் பெயர்ப் பலகை உண்டு, யாரும் படித்ததில்லை. ‘ராக்கெட் கடை’ என்று சொன்னால் போதும், பஸ் டிரைவரே நிறுத்தி இறக்கிவிடுவார். அந்தக் கடையில் முடி வெட்டுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, விண்கலத்தைப் பற்றிப் பேசுவது. அது மேலே போனால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் இறங்காது. உள்ளே ஆள் கிடையாது. எதற்குப் போகிறது என்று சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்ததும் ‘வெற்றிகரமாகத் தரையிறங்கியது’ என்று பேப்பரில் ஒரு வரி வரும். எதில் வெற்றி? அதைத்தான் என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்வார்.

பதில் அடிக்கடி மாறும். எதிரி நாட்டுக் கரண்ட்டை மேலேயிருந்தே அணைக்கிற யந்திரம் என்பார். அடுத்த மாதம், மழை மேகத்தைத் தள்ளிக்கொண்டு போகிற காந்தம் என்பார். பெரிய மனுஷர்களின் ஃபைல்களைப் பூமியில் வைத்தால் கோர்ட்டில் மாட்டும், அதனால் அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை அள்ளிவிட்டார். அந்த வாரம் கடையில் நிற்க இடமில்லை. முடியே இல்லாதவர்கள்கூட முடி வெட்ட வந்தார்கள். இப்படிப் பதிமூன்று கதை ஓடியிருந்தது.

நான் வேலை பார்ப்பது வேலிக்கு அந்தப் பக்கம், தையல் பகுதியில். நாங்கள் இருபத்திரண்டு பெண்கள். எங்களை ஏற்றிப் போகிற பஸ்ஸுக்கே தெரியும் நாங்கள் தையல்காரிகள் என்று, அதில் ரகசியம் ஒன்றுமில்லை. வெள்ளித் தாள் மாதிரி ஒன்று பதினைந்து அடுக்கு, நடுநடுவே கொசுவலை மாதிரி துணி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துத் தைத்தால் ஒரு போர்வை. மேலே வெயில் பட்டால் எரியுமாம், நிழலில் உறையுமாம், இரண்டையும் இந்தப் போர்வை தாங்குமாம். எதைப் போர்த்துகிறோம் என்று மட்டும் மூச்சு விடமாட்டார்கள். அளவெடுத்த சீட்டு வரும். அதில் ஒரு நம்பர் இருக்கும். தைத்து, உறையில் போட்டு, சுவரில் இருக்கிற ஜன்னல் வழியாகத் தள்ள வேண்டும். அந்தப் பக்கம் ஒரு கை வாங்கிக்கொள்ளும். ஆறு வருஷமாக அந்தக் கையின் முகத்தை நான் பார்த்ததில்லை.

ஒருத்திக்கு ஒரு நம்பர்தான். அடுத்தடுத்த நம்பர் ஒரே ஆளுக்குத் தெரிந்தால் முழு உருவமும் தெரிந்துவிடுமாம். எனக்கு நாற்பத்தொன்று. கலம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், சோதனைக்கு ஒன்று, சேதத்துக்கு ஒன்று என்று நாற்பத்தொன்றையே தைத்துத் தைத்து, கண்ணை மூடினாலும் கை அந்த வளைவிலும் இடது பக்கச் சரிவிலும் மூன்று மடிப்பிலும் தானாகப் போகும்.

அப்படி இருக்கும்போதுதான் மஞ்சள் அட்டைப் பேச்சு வந்தது. நாற்பத்தொன்று பொருத்துகிற இடத்தில் சுருக்கம் விழுகிறதாம். தைக்கிற பெண் ஒருத்தியே கலம் நிற்கிற கூடத்துக்குள் போய், கலத்தின் வயிற்றில் ஏறி, கையால் பொருத்த வேண்டும். போகிறவளுக்கு மஞ்சள் அட்டை, வேறு நிற அட்டைக்கு அந்தக் கூடத்தின் கதவு திறக்காது. யார் என்று பாதுகாப்பு அதிகாரி முடிவு செய்வார். அவரை நாங்கள் ‘பூட்டு’ என்போம், அவர் வாய் அப்படி.

அந்த அட்டை எனக்கு வேண்டும் என்று நான் தவித்த தவிப்பை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சட்டை தைக்கிறவளுக்குக் குழந்தையைக் காட்டாமலே ஆறு வருஷம் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? நான் எதைக் குளிராமல் பார்த்துக்கொள்கிறேன்? வெடிகுண்டையா, காமிராவையா? எதுவானாலும் சரி, ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும். ஆனால் அட்டை கொடுப்பதற்கு முன் குடும்பத்தின் வாயையும் விசாரிப்பார்கள். என் குடும்பத்தின் வாய் எங்கே உட்கார்ந்து என்ன பேசுகிறது என்று ஊருக்கே தெரியும்.

சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டில் நான் ஒரு வார்த்தை விட்டதில்லை. அவருக்கு அதுதான் குறை.

“பெரிசா சின்னதா, அதையாவது சொல்லேன்,” என்பார்.

“சாப்பிட்டுட்டுக் கடைக்குக் கிளம்புங்க,” என்பேன்.

வாய் தப்பு செய்யவில்லை. கைதான் செய்தது. சலூனில் ஆளைப் போர்த்துகிற துணி கிழிந்துவிட்டது, புதிதாக இரண்டு தைத்துக் கொடு என்றார். ஒரு லீவு நாளில் சாம்பல் நிறத் துணி வாங்கி, வேறு ஏதோ நினைப்பில், அளவுகூட எடுக்காமல் மளமளவென்று வெட்டித் தைத்துக் கொடுத்தேன். ஒரு முடி உள்ளே போகாமல் தோளோடு படிகிறது என்று அவர் மெச்சிக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

என் நாத்தனார் புருஷனும் வேலிக்குள்தான் வேலை பார்க்கிறார், தகடு வளைக்கிற பகுதியில். எனக்கு அண்ணன் முறை. வாய் திறக்காத மனுஷர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போய் உட்கார்ந்திருக்கிறார், இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. துணியைப் போர்த்தியதும் கண்ணாடியைப் பார்க்காமல் மடியையே பார்த்தாராம். துணியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாராம்.

“மச்சான், இதை யாரு வெட்டினது?”

“உன் தங்கச்சிதான். ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

வேலிக்குள் வேலை பார்க்கிறவன் ஒண்ணுமில்ல என்றால் என்னவோ இருக்கிறது என்று என் வீட்டுக்காரருக்குப் பொறி தட்டிவிட்டது. பத்து நிமிஷத்தில் முடிகிற தலையை முக்கால் மணி நேரம் வெட்டினார். கடைசியில் அந்த மனுஷர், “நான் ஒரு கதவோட விளிம்பை வளைக்கறேன். இதே வளைவு, இதே மூணு மடிப்பு. அவ்ளோதான், மேல கேக்காதீங்க,” என்று எழுந்து போய்விட்டார்.

மேலே கேட்க என்ன இருக்கிறது? பதினாலாவது கதை பிறந்துவிட்டது. கலத்தின் வயிற்றில் ஒரு கதவு இருக்கிறது. கதவுக்கு உள்ளே மெத்தை மாதிரி போர்வை இருக்கிறது. அப்படியென்றால் எதையோ கீறல் படாமல் முழுங்குவதற்கு. எதை? பிற நாட்டு சாட்டிலைட்டை! மேலே போய், அலாக்காகப் பிடித்து, வயிற்றில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவர் இதைச் சொல்வதை யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் கதவு, கதவு என்று பேச்சு. கதை எங்கிருந்து கிடைத்தது என்று அப்போது அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அது அவருடைய தொழில் தர்மம்.

ஒரு நாள் எனக்கு அரை நாள் லீவு. போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் பூட்டு உட்கார்ந்திருந்தார். சாதாரணச் சட்டையில், பாதி முகம் நுரையோடு. அவர் யார் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. சீப்பை அவர் வயிற்றில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார்.

“இதை அதோட வயிறுன்னு வச்சுக்குங்க சார். இங்கதான் கதவு. இந்தப் பக்கமாத் திறக்கும். உள்ள மெத்து மெத்துன்னு...”

அப்போதுதான் துணியைப் பார்த்தேன். பூட்டின் கழுத்திலிருந்து முழங்கால் வரை நாற்பத்தொன்று விரிந்து கிடந்தது. அதே இடது பக்கச் சரிவு, அதே மூன்று மடிப்பு. அடிப்பாவி, நானா! ராணுவ ரகசியத்தைப் பாதுகாப்பு அதிகாரியின் கழுத்தில் என் கையாலேயே கட்டிவிட்டிருக்கிறேன்.

“வாங்கம்மா,” என்றார் பூட்டு. “உங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசறார்.” சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் ஒரே ரகளை. நான் அழுதேன், கத்தினேன், மறுபடி அழுதேன்.

“உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?” என்றார் அவர்.

“நீங்க வேற சொல்லணுமா? அந்தத் துணியே சொல்லிடுச்சே!”

மஞ்சள் அட்டையைப் பற்றி அப்போதுதான் அவரிடம் வாய் திறந்தேன். எப்படியும் போகப்போகிற வேலை என்ற துணிச்சல். சுருக்கம் விழுவது, உள்ளே போகிற ஒருத்தி, ஆறு வருஷமாக நான் பார்க்கத் தவிக்கிறது, எல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க!”

அவர் எழுந்து கடைக்குப் போய், இரண்டு துணியையும் கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து வாயை மூடிக்கொண்டார். பேச்சையே மூச்சாக வைத்திருந்த மனுஷர், கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்க வேலை பார்த்தார். “என்னண்ணே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டவர்களுக்குத் தலையைத் திருப்பு என்று விரலால் காட்டினார். எனக்காகத்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பூட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜை, மின்விசிறி, ஒரு தடித்த ஃபைல். உட்காருவதற்கு முன்னாலேயே, நானாகத்தான் துணி வெட்டினேன் சார், தெரியாமல் நடந்துவிட்டது சார் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் ஈ ஓட்டுவது மாதிரி கையை ஆட்டினார்.

“துணியை விடுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஏன் பேசறதை நிறுத்திட்டார்?”

எனக்குப் புரியவில்லை.

அவர் ஃபைலைத் திறந்தார். பதினாலு கதையும் தேதி வாரியாக, பெஞ்சில் அன்றைக்கு எத்தனை பேர் என்பது உட்பட, டைப் அடித்து இருந்தது. “பதினாலு கதை ஓடின வரைக்கும் ஒருத்தனும் எதையும் நம்பல. நிம்மதியா இருந்தோம். இப்பக் கதவுக் கதையோட வாயை மூடிட்டார். ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? ராக்கெட் கடைக்காரரை மிரட்டிட்டாங்க, அப்ப கதவு நிஜம்தான்னு பேசறாங்க. மேலிடத்துல என் கழுத்தைப் பிடிக்கறாங்கம்மா.”

“நான் என்ன சார் செய்யணும்?”

“பேசச் சொல்லுங்க. புதுசா ஒண்ணு. திங்கட்கிழமைக்குள்ள.” டிராயரை இழுத்து மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி மூடினார். அதில் என் போட்டோ ஒட்டியிருந்தது.

“எதைப் பேசணும் சார்?”

“நிஜத்தைத் தவிர எதை வேணா பேசட்டும்.”

“நிஜம் எது சார்?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “அது எனக்கும் தெரியாதும்மா. என் அட்டை பச்சை.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவருக்கோ ரோஷம் வந்துவிட்டது.

“சொல்லிக் கொடுத்துப் பேசறதுக்கு நான் என்ன கிளியா? பதினாலு சொன்னேன், பதினாலையும் நம்பித்தான் சொன்னேன். நம்பாததை ஒரு நாளும் என் வாய் சொன்னதில்ல.”

அது உண்மை. மழைக் காந்தத்தை நம்பி அவர் குடை வாங்காமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் எனக்காக முயற்சி செய்தார். வெள்ளி முழுக்க விட்டத்தைப் பார்த்தார், சனி முழுக்கப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை.

“உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லுங்க! சும்மா போயிட்டுச் சும்மா வருதுன்னு சொல்லுங்க, போதும்!”

அவர் அறை வாங்கினவர் மாதிரி பார்த்தார். “அது எப்படிம்மா? ஒண்ணுமில்லாததுக்கா நீ விரல்ல ஊசி குத்திக்கிட்டு வர்ற?”

“கதைதானேங்க. எனக்காகச் சொல்லுங்க. சும்மா கேலியாச் சொல்லுங்க.”

கேலி என்றதும் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை பெஞ்சு விழுந்து விழுந்து சிரித்தது. “ஒன்றரை வருஷம் காத்தை ஊர்வலம் விடறாங்களா!” என்று ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். புதன்கிழமைக்குள் கதவை ஊர் மறந்துவிட்டது. வியாழக்கிழமை அட்டை என் கைக்கு வந்தது.

வெள்ளை அங்கி, தலைக்கு உறை, கீழே விழாமல் இருக்க மணிக்கட்டில் கயிறு கட்டிய ஊசி. கூடம் பஸ் டிப்போ அளவு இருந்தது. நடுவில் கலம் நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னது, எங்கள் ஷிப்ட் பஸ்ஸைவிடக் கொஞ்சம் குட்டை. முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு. தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு இன்ஜினியர் பெண் என்னை ஏணியில் ஏற்றிவிட்டாள். கதவு இருந்தது. அதன் விளிம்பில் நாற்பத்தொன்று படிந்திருந்தது. அது எங்கே போய் உட்காருகிறது என்று ஆறு வருஷம் கழித்துப் பார்த்துவிட்டேன். தடவிக் கொடுத்தேன். பிறகு நெற்றி விளக்கை உள்ளே திருப்பினேன்.

சாம்பல் நிறக் கட்டிகள் இருந்தன. வரிசையாக, தரையோடு போல்ட் போட்டு. ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டில் இத்தனை கிலோ என்று எழுதியிருந்தது. ஒன்றின் மேல் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம் காய்ந்து கிடந்தது.

“இது என்னம்மா?”

“எடைங்க. சாமான் இன்னும் வரல. அது வேற துறை. அது வர்ற வரைக்கும் எடை சரியா இருக்கணும்ல.”

“போன தடவை போச்சே, அப்ப?”

“அப்பவும் வரல.”

“அதுக்கு முன்னாடி?”

“நான் சேர்ந்தே நாலு வருஷம்தாங்க ஆச்சு.”

“சாமான் இல்லாம எதுக்கும்மா அனுப்பறீங்க?”

“தேதி குறிச்சுட்டாங்களே.”

“சரி, அந்தச் சாமான்தான் என்ன?”

அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். “அந்தத் துறையைத்தான் கேக்கணும். அவங்க எங்களைக் கேக்கறாங்க, உங்க வயித்துல என்ன வைக்கலாம்னு.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஊசியை எடுத்துச் சுருக்கம் விழுந்த இடத்தைப் பிரித்து, இழுத்து, மறுபடி தைத்தேன். கட்டிகளுக்குக் குளிரக் கூடாது அல்லவா! கை என்னவோ ஒழுங்காகத்தான் தைத்தது. மூன்று மடிப்பும் கத்தி மாதிரி நின்றது.

வெளியே வரும்போது பூட்டு கையெழுத்து வாங்கக் காத்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “உள்ள என்னம்மா இருந்துச்சு?” என்றார்.

“சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதி வாங்கினீங்க?”

“பெரிசா சின்னதா, அதையாவது சொல்லுங்கம்மா.”

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மனசு வரவில்லை. “ரொம்பப் பெரிசு சார்,” என்றேன். மனுஷர் முகம் மலர்ந்துபோனது. கேட்டை அவரே திறந்துவிட்டார்.

வீட்டில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்த பிறகு மட்டும், “பார்த்துட்டியா? திருப்தியா?” என்றார். உம் என்றேன். சிரித்துக்கொண்டே, “நம்ம பதினஞ்சாவது கதை மாதிரி ஒண்ணுமில்லாம இல்லையே?” என்றார்.

“யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க? ஒண்ணுமில்லாததுக்கா நான் ஆறு வருஷம் தைச்சேன்? சொல்லுங்க, ஒண்ணுமில்லாததுக்கா?” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.

இருபது வருஷமாகத் தினம் முப்பது முகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அவர். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் தட்டையும் சேர்த்து எடுத்துப் போய்க் கழுவி வைத்தார்.

மறுநாள் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது கடைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. வாசலில் நின்றேன். கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றிருந்தது.

“ஒண்ணுமில்லன்னு சொன்னேனே, அது சும்மா தமாஷுக்கு. அதை மறந்துடுங்க. என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இருபத்திரண்டு பொம்பளைங்க கையால போர்வை தைக்கறாங்க. ஒரு சுருக்கம் விழுந்தாலும் பிரிச்சு மறுபடி தைக்கறாங்க. இப்படிப் பார்த்துப் பார்த்துப் போர்த்தறாங்கன்னா, உள்ள இருக்கறது சாதாரணப் பொருளா இருக்குமா?”

கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். குரல் கொஞ்சம் கம்மியது, ஆனால் நிறுத்தவில்லை. தான் நம்பாத ஒன்றை, கேலியாக இல்லாமல், அவர் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“இருக்காதுண்ணே,” என்றார்கள் பெஞ்சில் இருந்தவர்கள்.

எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்த நானும், வாசலில் நின்றபடி, இருக்காது என்று தலையாட்டினேன்.